கடப்பா கல் தரை: மீட்பதும் காப்பதும்

புதிதாகப் போட்டபோது கன்னங்கரேலென்று இருந்த கடப்பா கல் தரை, சில ஆண்டுகளில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுகிறது. குளியலறை வாசலில் வெள்ளைத் திட்டு, சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் புள்ளிகள், சுவரோரம் உப்புப் பூத்த கோடு என்று ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. அந்த நிலையில் வீட்டுக்காரருக்கு மூன்று யோசனைகள் கிடைக்கும். ஆசிட் ஊற்றித் தேய்க்கலாம், பளபளப்புக்கு ஏதாவது பூசலாம், அல்லது மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம். நடந்து நடந்து கல் தேய்ந்துவிட்டது, இனி அதற்கு ஆயுள் இல்லை என்ற ஒரே எண்ணத்திலிருந்துதான் மூன்றும் பிறக்கின்றன. அந்த எண்ணம் தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வீட்டுக்குள் இருக்கும் கடப்பா கல்லை நம் கால்கள் கெடுப்பதைவிட, நாம் சுத்தம் செய்யும் முறை அதிகமாகக் கெடுக்கிறது. ஆகவே மீட்பு வேலையின் முதல் படி, கெடுக்கும் காரணத்தைக் கண்டு நிறுத்துவது. அதற்குப் பிறகு செய்யும் எந்த வேலையிலும் கல்லிலிருந்து எடுப்பது குறைவாக இருக்க வேண்டும். கல்லின்மேல் ஏற்றுவது அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இதற்கான முதல் சான்றை ஒரு குவளைத் தண்ணீரே தந்துவிடும். வெளிறிய இடத்தில் தண்ணீரை ஊற்றிக் கையால் பரப்பிப் பாருங்கள். நொடியில் கல் கறுக்கும். காய்ந்ததும் மறுபடி சாம்பலாகும். கடப்பா கல்லின் கருமைக்குக் காரணம் அதனுள் கலந்திருக்கும் கரிமப் பொருள். அது மேலிருந்து கீழ்வரை இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. மாறியது மேற்பரப்பு மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத குழிகளும் கீறல்களும் ஒளியைப் பல பக்கமும் சிதறடிப்பதால் கல் வெளுத்துத் தெரிகிறது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பும்போது சிதறல் நின்று, உள்ளே இருக்கும் நிறம் வெளியே தெரிகிறது. நனைத்த பிறகும் வெள்ளையாகவே நிற்கும் இடங்களைத் தனியே சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். அங்கே உப்போ, சிமெண்ட் துளியோ, பழைய பூச்சின் படலமோ இருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு. தரை முழுவதையும் இப்படி ஒருமுறை நனைத்துப் பார்த்துவிட்டால், செலவழிக்க வேண்டிய இடம் எது, தொடவே வேண்டாத இடம் எது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

எந்தக் கல் என்று தெரிந்துகொள்வது

கடப்பா கல் என்று நாம் சொல்வது, ஆந்திரத்தின் கடப்பை, நந்தியால் மாவட்டங்களில் ஜம்மலமடுகு, எர்ரகுண்ட்லா, பேதம்செர்லா வட்டாரங்களில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல். தெலங்கானாவின் தாண்டூர் கல், கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்து ஷாகாபாத் கல், ராஜஸ்தானின் கோட்டா கல் எல்லாமே இந்த இனம்தான். நிறமும் இறுக்கமும் மட்டும் வேறுபடும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு, அடுக்கடுக்காக இறுகிக் கல்லானது. அந்த அடுக்குகள் வழியாகவே உளியால் பிளந்து பலகையாக எடுக்க முடிவதால்தான் இது காலங்காலமாக மலிவான தரைக்கல்லாக இருந்துவருகிறது. அதே அடுக்குகள்தான் இதன் பலவீனமும். அடி பட்டாலோ, அடுக்குக்குள் உப்பு புகுந்தாலோ ஏடு ஏடாகப் பெயரும். வேதியியலில் இது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மார்பிளும் இதே பொருள், வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது, அவ்வளவே. எனவே இங்கே சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை மார்பிள் தரைக்கும் பொருந்தும்.

கறுப்பாக இருப்பதாலேயே இதைப் பலர் கிரானைட் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தில்தான் முதல் சேதம் நடக்கிறது. கிரானைட் பொறுத்துக்கொள்ளும் பலவற்றை இந்தக் கல் பொறுக்காது. வேறுபாட்டை அறிய, கதவுக்குப் பின்னாலோ அலமாரிக்கு அடியிலோ கண்ணில் படாத மூலையில் இரும்பாணியால் லேசாகக் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் வெள்ளைக் கோடு விழும்; நல்ல கிரானைட்டில் ஆணியின் இரும்புத் தடம் மட்டுமே பதிந்து, துடைத்தால் போய்விடும். உடைந்த துண்டு ஏதாவது கையில் இருந்தால் அதன்மேல் ஒரு சொட்டு பாத்ரூம் ஆசிட் விட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். இந்தச் சோதனையைத் துண்டில் மட்டும் செய்யுங்கள், தரையில் வேண்டாம். ஆணிக்கீறல் இன்னொரு பாடமும் சொல்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட் 3, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. செருப்பில் ஒட்டி வரும் மணல் ஒவ்வொரு துகளும் இந்தத் தரையைக் கீறக் கூடியது. அப்படியானால் நடைதானே கெடுக்கிறது என்று கேட்கலாம். காலுக்கு அடியில் மணல் இல்லாவிட்டால் நடை பெரிதாக எதுவும் செய்வதில்லை. மணலை வாசலிலேயே தடுப்பதும் அன்றாடம் பெருக்குவதும் நம் கையில்தான் இருக்கின்றன.

ஆசிட் உண்மையில் என்ன செய்கிறது

கழிப்பறை சுத்தம் செய்யும் திரவங்கள் பலவற்றில் சுமார் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது கால்சியம் கார்பனேட்டுடன் சேரும்போது கல் கரைந்து கால்சியம் குளோரைடாகவும் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாறுகிறது. அழுக்கு பொங்கி வருவதாக நாம் நினைக்கும் அந்த நுரை, கல்லே வாயுவாக வெளியேறுவது. கணக்குப் போட்டால் அளவு விளங்கும். இத்தகைய திரவம் 100 மில்லி முழுமையாக வினைபுரிந்தால் சுமார் 14 கிராம் கல்லைக் கரைக்கும். அதை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் போகும் கனம் சுமார் 5 மைக்ரான்தான். இவ்வளவு குறைவா என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. பளபளப்பு வேண்டுமென்றால் மேற்பரப்பின் மேடுபள்ளம் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அமிலமோ சீராகக் கரைப்பதில்லை. மென்மையான இடத்தில் ஆழமாகவும் இறுக்கமான இடத்தில் மேலோட்டமாகவும் அரிக்கிறது. ஒரே ஒரு முறை ஊற்றியதில் தரை மங்கிப் போவதற்கு இதுவே போதும். வினிகரும் விலக்கல்ல. அதில் 4 முதல் 5 சதவீதம்தான் அசிட்டிக் அமிலம். ஆனாலும் 100 மில்லி முழுமையாக வினைபுரிந்தால் 3, 4 கிராம் கல்லைத் தின்னும். புளித்தண்ணீர், எலுமிச்சை, தயிர், தக்காளி, குளிர்பானம் எல்லாம் இதே வரிசையில் வருபவை. வெள்ளிக்கிழமைகளில் வாசற்படியின் இருபுறமும் குங்குமம் தடவி வைக்கும் எலுமிச்சை மூடியின் வெட்டு முகம் கல்லைத் தொட்டபடி இருந்தால், அதே அளவில் ஒரு மங்கல் வட்டம் விழும். அதைக் கறை என்று நினைத்து எவ்வளவு கழுவினாலும் போகாது, ஏனென்றால் அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை, கல் குறைந்திருக்கிறது. மூடியை ஒரு சிறு தட்டிலோ வெற்றிலையிலோ வைத்தால் வழக்கமும் நிற்கும், கல்லும் பிழைக்கும்.

"ஆசிட் போட்ட அன்று தரை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!" என்பது இதற்கு எதிராகக் கேட்கும் முதல் வாதம். அன்று சுத்தமாக இருப்பது உண்மைதான். அழுக்கு உட்கார்ந்திருந்த மேல்தோலையே அழுக்கோடு சேர்த்து எடுத்துவிட்டதால் வரும் சுத்தம் அது. அடுத்து வெளிப்படும் பரப்பு முன்பைவிடச் சொரசொரப்பானது. அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்பட்ட ஆசிட் பிறகு மாதந்தோறும் தேவைப்படுவதன் காரணம் இதுதான். இரண்டாவது வாதம் கிருமி பற்றியது. வீட்டுத் தரைக்கு அன்றாடம் வேண்டியது அழுக்கை அகற்றுவதும் ஈரத்தை உலர்த்துவதும்தான். நோயாளி இருக்கும் வீட்டில் கிருமிநாசினி அவசியமென்றால், நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் போதும். அது காரத்தன்மை உள்ளது, கல்லைக் கரைக்காது. துடைத்த சிறிது நேரத்தில் நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்துவிட வேண்டும். அதையும் ஆசிட்டையும் மட்டும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது வாதம் கூர்மையானது. பாலீஷ் போடுபவர்களே கடைசியில் ஆக்சாலிக் பவுடர் தூவித் தேய்க்கிறார்களே, அதுவும் அமிலம்தானே? ஆமாம், அமிலம்தான், ஆனால் வினை வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாக்கும் கால்சியம் குளோரைடு தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். ஆக்சாலிக் அமிலம் உண்டாக்கும் கால்சியம் ஆக்சலேட் தண்ணீரில் ஏறத்தாழ கரையாதது. கல்லின் மேலேயே மெல்லிய படிவாக நின்றுவிடும். ஏற்கெனவே நுண்ணிய நம்பர் (தேய்ப்புக் கல்லின் நுண்மை எண்) வரை தேய்த்த பரப்பில், குறைந்த அளவில், மிஷினின் அழுத்தத்தில் பயன்படுத்தும்போது பளபளப்புக்கு உதவுகிறது. அந்தப் பவுடரையே வாளித் தண்ணீரில் கரைத்துத் தரை கழுவினால் மங்கல்தான் மிஞ்சும். மேலும் அது நச்சுப்பொருள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டப்பாவில் மிச்சம் வைக்கக் கூடாது.

ஓதமும் உப்பும்

சுவரோரமும் மூட்டுகளிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், தேய்ப்பு வேலைக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓதம் தரைக்கு அடியிலிருந்து ஏறும்போது மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேலே வந்து நீர் ஆவியானதும் உப்பு படிகமாகிறது. பரப்பின் மேல் படிந்தால் வெறும் பொடி. அடுக்குகளுக்குள் படிந்தால் கல்லைப் பிளக்கும். சோடியம் சல்பேட் போன்ற உப்பு நீரை உறிஞ்சிப் படிக வடிவம் மாறும்போது அதன் பருமன் மூன்று மடங்குக்கு மேல் பெருகும். கடப்பா கல்லின் மெல்லிய ஏடுகள் அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. சந்தேகம் இருந்தால், இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடிப்பக்கம் நீர்த்துளி நின்றாலோ கல் கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம்.

கீழிருந்து வருகிறதென்றால் வேலை தரைக்கு வெளியே இருக்கிறது. வீட்டைச் சுற்றி மண் மட்டம் தரைமட்டத்துக்கு மேல் ஏறியிருக்கிறதா, மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, குளியலறைக் குழாய் எங்காவது கசிகிறதா, சுவரை ஒட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறோமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காரணத்தை நிறுத்திய பிறகும் தரை உலரப் பல மாதங்கள் ஆகும்; ஒரு கோடை முழுவதும் விட்டுவிடுவது நல்லது. அதுவரை பூக்கும் உப்பை உலர்ந்த மென் தூரிகையால் பெருக்கி எடுத்து வெளியே கொட்டுங்கள். கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போகும். விடாப்பிடியான இடங்களுக்குப் பற்று போடலாம். அச்சில்லாத வெள்ளைத் தாளைக் கிழித்து வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, முழுவதும் காய்ந்த பின் உரித்தெடுங்கள். கூழ் காயும்போது உள்ளிருக்கும் உப்பு நீரோடு அதற்குள் ஏறிவிடும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். போர் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தினால், எடுக்க வந்த உப்பை நாமே கொடுத்ததாக ஆகும்.

கழுவுதலும் கறை எடுத்தலும்

ஓதம் இல்லை என்று உறுதியான பிறகு முதல் வேலை ஆழ்ந்த கழுவல். பெரும்பாலான வீடுகளில் தரை மங்கியிருப்பதில் ஒரு பங்கு, ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த சோப்புப் படிவு. சாதாரண சோப்பு கடின நீரோடு சேர்ந்தால் கரையாத பசைபோன்ற படிவாகும். அதன்மேல் தூசி ஒட்டிக் கறுத்துக் கிடக்கும். நடுநிலைத் தன்மையுள்ள டிடர்ஜென்ட் திரவத்தை வெந்நீரில் சில சொட்டுகள் விட்டு, சிறு பகுதியாக நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் தூரிகையால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரைத் தரையில் காயவிடாமல் துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு வாளி வைத்துக்கொள்வது முக்கியம்: ஒன்றில் கழுவும் நீர், மற்றதில் அலசும் நீர். அழுக்கு வாளியிலேயே துணியை முக்கி முக்கித் துடைத்தால், எடுத்ததைத் தரை முழுவதும் மெல்லிய படலமாகப் பூசிவிடுவோம். இந்த ஒரு கழுவலிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்து, மிஷின் தேவையே இல்லை என்று தெரிந்த தரைகள் உண்டு. செலவு குறைந்த வேலையை முதலில் செய்து, காயவிட்டுப் பார்த்து, அதன் பிறகே அடுத்ததைத் தீர்மானியுங்கள்.

பூஜையறை விளக்கடியிலும் அடுப்படியிலும் விழும் எண்ணெய்க் கறைக்குப் பற்றுதான் மருந்து. சமையல் சோடாவையோ முல்தானி மட்டியையோ பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் சேர்த்துத் தண்ணீரில் பசையாகக் குழைத்து, கறையைவிட ஓர் அங்குலம் அகலமாக அப்பி, பாலித்தீனால் மூடி ஒரு நாள் வையுங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு முழுவதும் காயவிடுங்கள். எண்ணெயை வெளியே இழுப்பது அந்தக் காய்தல்தான். அவசரப்பட்டு ஈரத்திலேயே சுரண்டினால் பயனில்லை. வீட்டு வேலையின்போது சிந்திக் காய்ந்த சிமெண்ட் துளிகளுக்கும் பெயின்ட் பொட்டுகளுக்கும் ஆசிட்டைத் தேடாதீர்கள். சிமெண்டோடு சேர்ந்து உங்கள் கல்லும் ஆசிட்டில் கரையும். நனைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் மேலாகத் தட்டி எடுத்து, மிச்சத்தை 400 நம்பர் கை டயமண்ட் பேடால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். கடினமானது துருக்கறை. இரும்புக் கட்டில் கால், கேஸ் சிலிண்டர் வளையம் விட்ட தடம் கல்லுக்குள் இறங்கிவிட்டால், கடையில் விற்கும் துரு நீக்கிகளில் பெரும்பாலானவை அமிலம் என்பதால் கறையோடு கல்லும் போகும். அமிலமில்லாத துருநீக்கி வைத்திருக்கும் கல் வேலைக்காரரிடம் அதை விடுங்கள். இனி விழாமல் இருக்க ரப்பர் அடி போடுங்கள்.

மூட்டுகளும் பெயர்ந்த பலகைகளும்

தேய்ப்புக்கு முன் பலகைகள் ஆடாமல் இருக்க வேண்டும். விரல் முட்டியாலோ மரக் கைப்பிடியாலோ தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே இடைவெளி இருக்கும் இடத்தில் பொள்ளென்ற ஓசை வரும். ஓசை மாறினாலும் கல் ஆடவில்லை, விரிசல் இல்லை என்றால் விட்டுவிடலாம். ஆடும் பலகையைச் சுற்றி மூட்டை உளியால் கவனமாக அகற்றி, பலகைக்கு எண் போட்டு, ஒரு படம் எடுத்துவைத்து, தூக்கி அடியைச் சுத்தம் செய்து, முழுப் படுகையாகக் கலவை பரப்பித் திரும்பப் பதியுங்கள். நாலு மூலையில் மட்டும் கலவை வைத்தால் நடுவில் பாரம் ஏறும்போது கடப்பா கல் முறியும். பழைய வீடுகளில் சுண்ணாம்புக் கலவையில் பதித்த தரையானால் அதே வகைக் கலவையைக் கேட்டுப் பெறுங்கள். சிமெண்ட்தானே உறுதி என்று கொத்தனார் சொல்வார். மூட்டில் நமக்கு வேண்டியது உறுதி மட்டுமல்ல. இறுகிய கல் ஈரத்தை எளிதில் விடாது. அடியில் சேரும் ஈரம் வெளியேற இருக்கும் வழி மூட்டுதான். அதைச் செறிந்த சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல்லின் ஓரங்களைத் தேடிப் போகும், உப்பும் அங்கே சேரும். சிமெண்ட் தன் பங்குக்கு உப்பையும் கொண்டுவரும். அசைவு வந்தால் முதலில் உடைய வேண்டியது மூட்டு. அதை மறுபடி நிரப்பலாம், உடைந்த பலகையை ஒட்டவைக்க முடியாது. ஓரத்தில் ஏடு பெயர்ந்த இடத்துக்குக் கறுப்புச் சாயம் கலந்த எபாக்சியை அந்த விளிம்பில் மட்டும் செலுத்தி அழுத்தி வைக்கலாம்.

தேய்ப்பு: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

இவ்வளவும் முடிந்த பிறகும் மங்கலாக இருக்கும் தரைக்குத்தான் மிஷின். பாலீஷ் வேலை என்பது பெரிய கீறல்களைச் சிறிய கீறல்களாக மாற்றிக்கொண்டே போவது. 60, 120, 220, 400, 800, 1500 என்று நம்பர் ஏறும். ஒவ்வொன்றும் முந்தையதன் கீறலை முழுவதும் அழித்த பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும். வழக்கமாக நடக்கும் பிழை, எந்தத் தரையானாலும் 60-இல் தொடங்குவது. ஆசிட் மங்கலும் லேசான கீறலும் மட்டும் உள்ள தரைக்கு 220 அல்லது 400 நம்பரே போதும். பலகைகளுக்கிடையே மட்ட வேறுபாடு இருந்தால் மட்டும் கீழே இறங்க வேண்டும். எனவே அலமாரிக்கு அடியில் ஒரு சதுர அடியில் 400-ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறை போகவில்லை என்றால் 220, அதுவும் போதவில்லை என்றால் 120. தேவைக்கு மேல் கீழே இறங்கும் ஒவ்வொரு படியும் திரும்பப் பெற முடியாத கல்லை எடுக்கிறது. தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். உலர்ந்து தேய்த்தால் கிளம்பும் தூசு நுரையீரலுக்குக் கேடு. தேய்ப்பில் வரும் சேற்றைச் சாக்கடையில் விட்டால் குழாய்க்குள் இறுகிவிடும். வாளியில் அள்ளி வெயிலில் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்பது பலருடைய ஆசை. அதற்கு நான் சொல்லும் மறுப்பு ரசனை பற்றியதல்ல. கண்ணாடி பாலீஷில் ஒரு மணல் கீறலும் ஒரு சொட்டு எலுமிச்சையும் பளிச்சென்று தெரியும். 400 நம்பரில் நிறுத்திய பட்டு மினுக்கில் அவை கலந்து மறைந்துவிடும். கண்ணாடிப் பரப்பைக் காக்க அடிக்கடி மிஷின் வர வேண்டும்; பட்டு மினுக்குப் பரப்பு நெடுநாள் தாங்கும். ஈரம் படும் இடங்களில் வழுக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. கூடத்துக்கு 400 அல்லது 800 போதும். திண்ணை, சமையலறை, குளியலறை வாசல் ஆகிய இடங்களில் 220-இலோ 400-இலோ நிறுத்துங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் வேண்டாம்.

எண்ணெய், வார்னிஷ், சீலர்

தேங்காய் எண்ணெய் தடவினால் கடப்பா கல் கறுப்பாகிவிடும் என்பது பழக்கத்தில் உள்ள முறை. கறுப்பாவது உண்மை, தண்ணீர் ஊற்றியபோது நடந்ததுதான் எண்ணெயிலும் நடக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் காற்றில் இறுகி உலரும் வகையல்ல. பிசுக்காகவே நின்று தூசியைப் பிடிக்கும், கால் வழுக்கும். ஆளி விதை எண்ணெய் உலரும். ஆனால் நாளாக ஆக மஞ்சளித்துத் தடித்த படலமாகும். அலமாரித் தட்டுக்கு இவை பரவாயில்லை, தரைக்கு ஆகாது. அக்ரிலிக், பாலியூரித்தேன் பூச்சுகள் முதல் மாதம் கண்ணைக் கவரும். பிறகு நடைபாதையில் தேய்ந்தும், ஓதம் உள்ள இடத்தில் கொப்புளித்து உரிந்தும் தரை திட்டுத்திட்டாகும். அதைச் சுரண்டி எடுப்பது முதல் வேலையைவிடக் கடினம். கல்லுக்குள் ஊறி, மேலே படலம் விடாத சிலேன் வகைச் சீலர்கள் இவற்றைவிட மேலானவை. எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், ஆவி வெளியேறவும் விடும். அவையும் ஆசிட் மங்கலைத் தடுக்காது என்பதை விற்பவர் சொல்லமாட்டார். அமிலம் தொடுவது மேற்பரப்பின் கால்சியம் கார்பனேட்டை. சீலர் இருப்பதோ அதற்கு அடியில் துளைகளுக்குள். சீலர் தேவையா என்று அறிய ஒரு சொட்டு நீரை விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அடியில் கல் கறுத்திருந்தால் சீலர் பயன்படும். கறுக்கவில்லை என்றால் கல் இறுக்கமானது, அந்தச் செலவு வீண். ஓதம் முழுவதும் வற்றாத தரையில் எந்தச் சீலரும் போடக் கூடாது.

மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டால் என்ன?

வேகம், ஒரே சீரான தோற்றம், ஆசிட்டுக்கு அஞ்ச வேண்டாம் என்று அதற்கு ஆதரவாக நியாயமான காரணங்கள் உண்டு. பலகைகள் பெரும்பாலும் நொறுங்கிப்போன தரைக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் கல் முழுதாக இருக்கும்போது அதை மூடுவதால் வரும் செலவுகளைச் சேர்த்துப் பாருங்கள். டைல்ஸும் ஒட்டுக்கலவையும் சேர்ந்து தரைமட்டத்தை உயர்த்தும். கதவுகளை அடியில் அறுக்க வேண்டும், வாசற்படியில் தடுக்கும், குளியலறையின் வாட்டம் மாறும். அடியில் ஓதம் இருந்தால் அது நின்றுவிடாது. மேலே வழி அடைபட்டதும் சுவர்களில் ஏறிப் பெயின்டை உரிக்கும். ஒரு டைல் உடைந்தால் அதே வகை சில ஆண்டுகளில் கடையில் கிடைக்காது. முக்கால் அங்குலக் கடப்பா பலகையிலோ கவனமான ஒரு தேய்ப்பு எடுப்பது மில்லிமீட்டரில் சிறு பங்கு. அதைப் பல தலைமுறைக்குத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம். கிளேஸ் போன டைலைப் புதுப்பிக்க வழியே கிடையாது.

மீட்ட தரையை வைத்துக்கொள்வது

வாசலுக்கு வெளியே தேங்காய்நார் மிதியடி, உள்ளே துணி மிதியடி: இந்த இரண்டும் மணலைத் தடுக்கும் மலிவான காவல். தினம் மென்மையான துடைப்பத்தால் உலரப் பெருக்கிய பிறகே ஈரத் துணி படலாம். மணல் இருக்கும் தரையில் ஈர மாப் போடுவது தேய்ப்புத் தாள் ஓட்டுவதற்குச் சமம். போர் தண்ணீரானால் துடைத்ததும் உலர்ந்த துணியால் இன்னொருமுறை துடைத்துவிடுங்கள். தானாகக் காய்ந்தால் வட்ட வட்டமாக உப்பு நிற்கும். புளிக்குழம்போ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் முதலில் ஒற்றி எடுத்து, உடனே நிறையத் தண்ணீரால் அலசுங்கள்; தேய்த்துப் பரப்பாதீர்கள். புதிய தரைக் கிளீனர் வாங்கும்போது லேபிளில் ஹைட்ரோகுளோரிக், சிட்ரிக், பாஸ்பாரிக், சல்பாமிக் என்ற பெயர்கள் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். லேபிளில் விவரம் இல்லையென்றால் பிஎச் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். 7-க்குக் கீழே காட்டினால் கல்லுக்கு ஆகாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். ஆசிட் பாட்டில் கழிப்பறை அலமாரியிலேயே இருக்கட்டும். தரை துடைக்கும் சாமான்களோடு அதை வைக்கவே வேண்டாம்.

கடைசியாக, பாலீஷ் போடுபவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நம்பரில் தொடங்குவீர்கள், ஏன்? முடித்த பிறகு மேலே என்ன போடுவீர்கள், அது எத்தனை நாளில் உரியும் அல்லது தேயும்? ஓதம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? தரையை நனைத்துப் பார்க்காமலும் தட்டிப் பார்க்காமலும் 60 நம்பரில் தொடங்கிக் கோட்டிங்கில் முடிப்பேன் என்று சொல்பவர் மிஷினுக்கு வேலை தேடுகிறார். மூலையில் ஒரு சதுர அடி செய்து காட்டுகிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்பவர் கல்லை அறிந்தவர். கூலி சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வேலையை அவரிடமே கொடுங்கள்.